பத்தாவது கோப்புக்கு ஒரு டீ

தலைக்கு மேல் மின்விசிறி ஜம்மென்று சுற்றிக்கொண்டிருக்கும்போது, "கரண்டு போயிட்டு! கரண்டு போயிட்டு!" என்று கூவிய ஆள் திருநெல்வேலி வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கையில் பிளக் இருந்தது. சுவரிலிருந்து நானே பிடுங்கியது. முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், அதன் ஒயர் என் இடுப்பைச் சுற்றி மேசை மேல் இருந்த கம்ப்யூட்டர் வரைக்கும் போகிறது. கட்டிப்போட்ட மாடு மாதிரி நின்றுகொண்டிருந்தேன். ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜின் கூட்ட அறை அது. டை கட்டிய ஒரு விற்பனைக்காரர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்க்கிறார். முன்வரிசையில் எனக்கு ரொம்ப வேண்டியவர்கள் எட்டுப் பேர். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் காது மடல் சுடுகிறது.

ஏன் பிடுங்கினேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

தொண்ணூறுகளின் பின்பாதி. பாளையங்கோட்டையில் ஒரு டிடிபி சென்டர் வைத்திருந்தேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு முக்காலி. கம்ப்யூட்டருக்கு மேலே போர்த்தும் பிளாஸ்டிக் உறையை என் மனைவி வாரம் தவறாமல் துவைத்துக் காயப்போடுவாள். எனக்குக் கிடைக்காத மரியாதை. கல்யாணப் பத்திரிகை, சடங்குப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று எங்கள் ஊர்களில் மனிதருக்கு நடக்கும் எல்லாமே எங்களைப் போன்றவர்களின் விரல் வழியாகத்தான் நடந்தன.

ஆனால் ஒருவர் அடித்ததை இன்னொருவர் திறக்க முடியாது. கம்ப்யூட்டருக்குள் எழுத்து கிடையாது, எண்தான். 'அ' என்றால் எந்த எண், 'கி' என்றால் எந்த எண் என்பதைத் தமிழ் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் அவரவர் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டார்கள். போதாததற்கு இயந்திரங்களும் வேறு வேறு. என்னைப் போலவே கடை வைத்திருந்த விக்கிரமசிங்கபுரத்து அக்காவிடம் பழைய டாஸ். டவுன் அண்ணாச்சியிடம் விண்டோஸ். என் நண்பன் வேலை பார்த்த அச்சகத்தில் மேக். ஒன்றில் அடித்ததை மற்றதில் போட்டால் கொக்கியும் பூச்சியும் கட்டமுமாக வரும். அதனால் ஒரே பத்திரிகையை இரண்டு கடையில் இரண்டு தடவை முதலிலிருந்து அடித்துக்கொண்டிருந்தோம். அப்படித்தான் உலகம் என்று நினைத்திருந்தோம்.

ஒரு நாள் அண்ணாச்சி கடையில் நின்றிருந்தேன். அண்ணாச்சி டவுனில் ரதவீதிக்குப் பின்னால் பத்திரிகை அடிக்கும் கடை வைத்திருந்தவர். அறுபதை நெருங்கியவர். நெற்றி நிறைய திருநீறு, சட்டைப் பையில் எப்போதும் அச்சுப் பார்க்கும் லென்ஸ். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகையை அக்கா கடையில் அடித்து, பிளாப்பியில் வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்து வந்திருந்தார். அண்ணாச்சி திறந்தார். திரையில் மூன்று மீன், ஒரு குடை, நிறையப் புள்ளி.

வந்தவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எங்க அப்பா பேரு இதுல எங்கன இருக்கு?"

"அந்தக் குடைக்குப் பக்கத்துல" என்றார் அண்ணாச்சி, சிரிக்காமல்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குள் எனக்கு அந்த யோசனை வந்துவிட்டது. தபால் வழியில் படித்து அரைகுறையாக நிரல் எழுதத் தெரிந்து வைத்திருந்தேன். ஒரு எழுத்துருவின் எண்ணைப் படித்து, இன்னொரு எழுத்துருவின் எண்ணாக மாற்றி எழுதும் சின்ன நிரல். அவ்வளவுதான். சொல்லும்போது சுலபம். ஆனால் அதற்கு ஒவ்வொரு கடையின் அட்டவணையும் வேண்டும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எழுதிய இருநூறு சொச்சம் வரிகள். அதை யார் தருவார்? ஒரு கடையில் அடித்த ஆள் வேறு கடைக்குப் போக முடியாது என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் ஒரு தைரியம். அட்டவணையைக் கொடுப்பது, வாடிக்கையாளரைக் கட்டியிருக்கும் கயிற்றை நாமே அவிழ்த்துவிடுவது மாதிரி.

முதலில் அவிழ்த்தவர் அண்ணாச்சிதான். "கைவிலங்கு போட்டா யாவாரம் பண்ணுதது? எழுதிக்கிடும் வே" என்று எண்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். அவர் கொடுத்தார் என்று தெரிந்ததும் ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள். என்னைச் சேர்க்காமல் எட்டுப் பேர்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அண்ணாச்சி கடையில் கூடுவோம். காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் சணல் கட்டி ஒரு நீள நோட்டுத் தொங்கும். பெயர் குறை நோட்டு. நிரலில் எவருக்கு என்ன கோளாறு தெரிந்தாலும் அதில் எழுதிவிட வேண்டும். எந்த இயந்திரம், எந்தக் கோப்பு, எந்தச் சொல் கெட்டது. சரிசெய்துவிட்டு அடுத்த வாரம் நான் பச்சை மையில் பதில் எழுதுவேன். வாய்மொழியாகச் சில சட்டங்களும் உண்டு. நிரல் எல்லோருக்கும் பொது. யாரும் விற்கக் கூடாது. லாக் போடக் கூடாது. அந்தக் காலத்தில் பெரிய கம்பெனித் தமிழ் மென்பொருளுக்கெல்லாம் கட்டைவிரல் பருமனில் ஒரு கட்டை வரும். கம்ப்யூட்டரின் பின்பக்கம் அதைச் செருகினால்தான் மென்பொருள் கண்ணையே திறக்கும். அந்தக் கட்டைக்குத்தான் லாக் என்று பெயர். எங்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

குறை எழுதுவதில் மகாராணி விக்கிரமசிங்கபுரத்து அக்கா. வீட்டுக்காரர் நூல் மில்லில் வேலை. அக்கா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தி, அப்புறம் கம்ப்யூட்டருக்கு மாறியவர். ஞாயிறு முதல் பஸ்ஸில் கிளம்பி வந்துவிடுவார். பிளாப்பிகளை எவர்சில்வர் டிபன் கேரியரில்தான் கொண்டு வருவார். மேல் தட்டில் பிளாப்பி, கீழ்த் தட்டில் புளியோதரை. அவர் கோப்புகளைத் திறக்கும்போதெல்லாம் என் கம்ப்யூட்டரிலிருந்து பெருங்காய வாசனை வரும். 'குறை முப்பத்தொன்று: அழைப்பின் மூன்றாம் வரியில் ஒரு எழுத்து விழுங்கப்படுகிறது. விழுங்குவது கணினியா, தம்பியா என்று தெரியவில்லை' என்று குண்டு குண்டாக எழுதிவைப்பார். தம்பிதான் விழுங்கியிருந்தேன்.

நான் சும்மா இருக்க முடியாத பேர்வழி. நிரலுக்குள் ஒரு குறும்பு வைத்தேன். ஒரு கம்ப்யூட்டரில் ஒன்பது கோப்பு மாற்றும் வரை ஒழுங்காக 'மாற்றம் நிறைவுற்றது' என்று வரும். பத்தாவது கோப்புக்கு மட்டும், 'முடிஞ்சிட்டு வே! டீ சொல்லும்' என்று திரை முழுக்கப் பெரிதாக வரும். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். யார் கடையில் அது வருகிறதோ அவர் அங்கிருக்கும் எல்லோருக்கும் டீ சொல்ல வேண்டும். அதுவும் சட்டமாகிவிட்டது. அண்ணாச்சி அதைத் தவிர்க்க ஒன்பதோடு நிறுத்திக் கம்ப்யூட்டரை அணைத்துப் பார்த்தார். அடுத்த நாள் திறந்ததும் முதல் கோப்புக்கே டீ கேட்டது. "இது நிரலாவே? கடன்காரப் பய" என்று திட்டிக்கொண்டே டீ சொல்லுவார். அந்த வரியை நிரலுக்குள் எழுத்தாக எழுதாமல், அட்டவணை எண்களுக்கு நடுவே எண்ணோடு எண்ணாகச் சிதறி வைத்திருந்தேன். எங்கே இருக்கிறது என்று யாருக்கும் சொன்னதில்லை. சிறுபிள்ளைத்தனம்தான். வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

இப்போது நண்பனைச் சொல்ல வேண்டும். கல்லூரியில் ஒரே பெஞ்சு. என் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வராமல், அவன் ஸ்கூட்டரின் பின்னால் மாலையோடு உட்கார்ந்து போனவன் நான். பாளையங்கோட்டையில் பெரிய அச்சகம் ஒன்றில் மேக் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் கூட்டத்தில் மேக் அவனிடம் மட்டும்தான். என் நிரல் டாஸுக்கும் விண்டோஸுக்கும் பாலம் போட்டுவிட்டது. மேக்குக்கு நான் எழுத முடியாது. பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்தது கூடக் கிடையாது.

ஓடும் நிரலின் பிரதி எல்லோரிடமும் இருந்தது. அது சமைத்த குழம்பு மாதிரி. வேண்டியதை ஊற்றிச் சாப்பிடலாம், மாற்றிச் சமைக்க முடியாது. சமையல் குறிப்பு, அதாவது நான் எழுதிய மூலநிரல், என்னிடம் மட்டும் இருந்தது. மேக் பகுதியை எழுதுவதற்காக அதை இரண்டு பிளாப்பியில் போட்டு அவனிடம் கொடுத்தேன்.

"எப்ப முடிப்ப மாப்ளே?"

"அடுத்த வாரம்லே."

மூன்று மாதம் அடுத்த வாரமாகவே போயிற்று. பெரிய வேலைகள் எல்லாம் அவன் அச்சகத்துக்குத்தான் போகும் என்பதால் அக்காவுக்கு அது ரொம்ப முக்கியம். பக்கம் பக்கமாக விக்கிரமசிங்கபுரத்தில் அடித்து அனுப்புவார். அங்கே அதை மறுபடி அடிப்பார்கள். ஒவ்வொரு ஞாயிறும் கேரியரை வைத்த கையோடு கேட்பார்: "மேக் வந்துட்டா தம்பி?" அவன் தலையைச் சொறிவான். "கொஞ்சம்தான்க்கா பாக்கி. கொம்பு போடுத எழுத்து மட்டும் முன்ன பின்ன போவுது."

அப்போதுதான் அந்தக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். சென்னையிலிருந்து. 'எந்த எழுத்துருவையும் எந்த எழுத்துருவாகவும் மாற்றும் புதிய மென்பொருள், செயல்விளக்கம், மதிய உணவு உண்டு' என்று எங்கள் எல்லோருக்கும் அட்டை வந்தது. மதிய உணவு என்றால் போகாமல் இருப்போமா? ஒன்பது பேரும் போனோம். வாசலிலேயே ஆளுக்கொரு துண்டறிக்கை கொடுத்தார்கள். அண்ணாச்சி உட்கார்ந்ததும் லென்ஸை எடுத்துவிட்டார்.

"செவப்பு அரை நூல் வெலகி நிக்கி வே. பேப்பரும் மட்டம்."

"அடியில இருக்க கட்டம் கோணலா இருக்கு, அண்ணாச்சி" என்றேன் நான். நண்பன் தாளை வாங்கியதும் நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். வெயிலுக்கு விசிறிக்கொள்ளக்கூட இல்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

விற்பனைக்காரர் கம்ப்யூட்டரின் பின்பக்கம் லாக்கைச் செருகிவிட்டு ஒரு கோப்பைப் போட்டார். மாறியது. இன்னொன்றைப் போட்டார். மாறியது. நான் பக்கத்திலிருந்தவரிடம், "நம்மது இதைவிட வேகம்" என்று கிசுகிசுத்தேன். காலையில் அறையில் அவர் ஒத்திகை பார்த்ததில் எத்தனை கோப்பு மாற்றினாரோ தெரியாது. எல்லாம் சேர்ந்து பத்தாகிவிட்டது.

திரை முழுக்க வந்தது.

'முடிஞ்சிட்டு வே! டீ சொல்லும்.'

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எங்கள் வரிசை மட்டும் சிரிக்கவில்லை. விற்பனைக்காரர், "சாரி, இது ஏதோ... அதை விடுங்க, அடுத்ததா இதுல ரொம்ப முக்கியமான விஷயம்..." என்று வேறொரு பிளாப்பியைக் கையில் எடுத்தார்.

அந்த நொடியில் நான் என்ன நினைத்தேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நினைக்கவே இல்லை. என் மானம் அந்தத் திரையில் தெரிகிறது, திரை அணைந்தால் மானம் பிழைக்கும் என்று கைக்கு மட்டும் தோன்றியிருக்கிறது. பாய்ந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

அண்ணாச்சி மெதுவாக அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஃபேனு மட்டும் எந்தக் கரண்டுல வே ஓடுது?"

அந்த வரியை எழுதியது யார் என்று எட்டுப் பேருக்கும் தெரியும். என் குறும்புதான் என் கையெழுத்து. அதைத் தாங்கிக்கொண்டு ஒரு பெட்டி லாக்கோடு விற்பனைக்கு வந்திருக்கிறது. நான் வேறு பிளக்கும் கையுமாக நிற்கிறேன். கோர்ட்டில் இதைவிடக் குறைந்த சாட்சியத்துக்கு ஆட்களை உள்ளே போட்டிருப்பார்கள்.

சாப்பாட்டுக்கு யாரும் நிற்கவில்லை. படியில் இறங்கும்போது மேலப்பாளையத்துக் கடைக்காரர் ஒருவர் மட்டும் கேட்டார்: "எங்க அட்டவணையையும் சேத்துத்தான் குடுத்தீரா?" நான் வாயைத் திறந்தேன். "இல்ல, ஃபேன் வந்து வேற லைன்" என்று வந்தது. சத்தியமாக அதைத்தான் சொன்னேன். அக்கா துண்டறிக்கையைக் கேரியரின் மேல் தட்டில் வைத்து மூடிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

நண்பன்தான் தோளில் கை போட்டு என்னை ஸ்கூட்டரில் ஏற்றினான். ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் காற்றுக்கு எதிராகக் கத்திச் சொன்னான்.

"விடுலே. நீ வித்திருந்தாலும் நான் தப்பா நெனக்க மாட்டேன்."

"நான் விக்கலலே!"

"சரி, விக்கல. ஒரு வேளை வித்திருந்தா, நான் ஒங்கூடத்தான் நிப்பேன்."

கீழே தாமிரபரணியில் எருமைகள் கிடந்தன. அவன் முதுகில் முகத்தை வைத்து அழாத குறை. உலகமே கைவிட்டபோது இவன் ஒருவன் இருக்கிறானே என்று அவ்வளவு நன்றி. வண்ணார்பேட்டையில் நிறுத்தி எனக்கு ஒரு சர்பத் வேறு வாங்கிக்கொடுத்தான். அதையும் நன்றியோடு குடித்தேன்.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாட்டை விவரித்தால் சிரிப்பீர்கள். சிரிக்க வேண்டியதுதான். யார் எடுத்திருப்பார்கள் என்று பட்டியல் போட்டேன். பிரிண்டர் பழுதுபார்க்க வந்தவர். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர். 'இந்தப் பெட்டிக்குள்ள என்னதான் இருக்கு?' என்று ஒருமுறை கேட்ட மாமனார். வியாழக்கிழமை வாக்கில் எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் எழுந்து போய் விற்றுவிட்டேனோ?

மனைவி தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்: "உப்பு வாங்கப் போனா சீனி வாங்கிட்டு வாரிய. நீங்களாவது ரகசியமா ஒண்ண விக்கதாவது. யார்கிட்ட எல்லாம் குடுத்திய அந்த மூலத்தை?"

"யார்கிட்டயும் குடுக்கல."

"ஒருத்தர்கிட்டயும்?"

"ஒருத்தர்கிட்டயும் இல்ல. அவன்கிட்ட மட்டும்தான்."

துருவல் நின்றது. என்னையே பார்த்தாள். "என்ன பாக்க?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று மறுபடி துருவத் தொடங்கினாள். அவனை 'ஒருத்தர்' என்ற எண்ணிக்கையில் நான் அதுவரை சேர்த்ததே இல்லை. அப்போதும் சேர்க்கவில்லை.

எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒன்றுதான். அந்த எட்டுப் பேரும் என்னை நம்ப வேண்டும். கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தவர்கள். என் முகத்தை நம்பிக் கொடுத்தவர்கள். நிரல் போனால் இன்னொன்று எழுதிக்கொள்ளலாம். இவர்கள் போனால்?

ஞாயிறு. அண்ணாச்சி கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஆணி. வெறும் சணல் தொங்கிக்கொண்டிருந்தது. குறை நோட்டைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், அக்காவைத் தவிர. நண்பன் என் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு, "நீ சும்மா இரு, நான் பேசுதேன்" என்று காதில் சொன்னான். எழுந்தான்.

"எல்லாரும் பெரிய மனசு பண்ணணும். ஏதோ ஒரு சூழ்நிலை. அவனுக்கும் குடும்பம் இருக்கு. தெரியாமப் பண்ணிட்டான்."

"தெரியாம எப்படி வே விக்க முடியும்?" என்றார் மேலப்பாளையத்துக்காரர்.

"கேட்டா ஒத்துக்கிடுவான். என்னலே?"

இந்த இடத்தில்தான் என் வாழ்நாள் கோமாளித்தனம் நடந்தது. பயத்தில் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "இனிமே விக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். செய்யாத தப்புக்கு. கேட்டவர்களுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அண்ணாச்சி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்போது அக்கா வந்தார். வழியில் பஸ் பஞ்சர். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கேரியரைத் திறந்து, மேல் தட்டிலிருந்து அந்தத் துண்டறிக்கையை எடுத்தார்.

"இதை யாராவது படிச்சியளா?"

"பாத்தோமே" என்றார் அண்ணாச்சி. "மட்டமான பிரிண்டு. செவப்பு வெலகி நிக்கி."

"பாத்தியளான்னு கேக்கல அண்ணாச்சி. படிச்சியளா?"

படிக்கவில்லை. எங்களில் ஒருவர் கூடப் படிக்கவில்லை. வருடக்கணக்காக அடுத்தவர் கல்யாணத்தையும் சாவையும் எழுத்தெழுத்தாக அடித்தவர்கள் நாங்கள். தாளைக் கொடுத்தால் ஓரம் பார்ப்போம், மை பார்ப்போம், கோடு கோணலா என்று பார்ப்போம். என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்க மாட்டோம். அது எங்கள் தொழில் வியாதி. பெண்ணின் பெயரும் மாப்பிள்ளையின் பெயரும் இடம் மாறியதை விட்டுவிட்டு, சுற்றியிருந்த மயில் பார்டரை மூன்று தடவை சரிபார்த்த கதையெல்லாம் எங்களிடம் உண்டு.

அக்கா படித்தார். டைப்ரைட்டிங் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"டாஸ், விண்டோஸ், மேக் ஆகிய மூன்றிலும் இயங்கும். மேக்கில் அடித்த கோப்புகளையும் பிழையின்றி மாற்றும்." தாளை மடித்தார். "அன்னிக்கு அந்தாளு கையில ரெண்டாவதா எடுத்த பிளாப்பியில மேக்னு ஒட்டியிருந்துச்சு. நான் பாத்தேன். அதைப் போட்டுக் காட்டுததுக்குள்ள இந்தத் தம்பி பிளக்கைப் பிடுங்கிட்டு."

அண்ணாச்சி கையை நீட்டித் தாளை வாங்கி விரித்தார்.

"இந்தத் தம்பிகிட்ட மேக் கெடயாது" என்றார் அக்கா. "தொட்டுக்கூடப் பாத்ததில்ல. மூணு மாசமா நான் வாரா வாரம் கேக்கேன், கொம்பு முன்ன பின்ன போவுதுன்னு பதில் வருது. இங்க முடியாத மேக் பகுதி மெட்ராஸ்ல மட்டும் எப்படி முடிஞ்சிது?"

கேள்வியை அவர் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் எல்லோர் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. என் தலைதான் கடைசியாகத் திரும்பியது.

நண்பன் சிரித்துவிட்டான். என்னைப் பார்த்துத்தான் சிரித்தான். பழைய பெஞ்சுச் சிரிப்பு.

"அந்த டீயை எங்கலே வச்சிருந்த? நாலு நாளு தேடுனேன்."

ஒப்புதல் வாக்குமூலம் அப்படித்தான் வந்தது. எனக்குப் பதில் சொல்லத் தோன்றியது. 'அட்டவணைக்கு நடுவுலலே' என்று பெருமையாகச் சொல்ல வாய் வரை வந்தும்விட்டது.

"இவரை மன்னிச்சு விடச் சொல்லி நீருதானே வே இப்ப பேசினீரு?" என்றார் மேலப்பாளையத்துக்காரர், நம்ப முடியாமல்.

"அங்க வேலை தாரோம்னாவ. சும்மா வாறவனுக்கா தருவாவ? கையில ஒண்ணு வேண்டாமா?" என்றான் நண்பன். குரலில் கொஞ்சம் சூடு ஏறியது. "நான் யாரு வீட்டுப் பொருளைத் தூக்கிட்டேன்? எட்டுப் பேரு அட்டவணை, இவன் நிரலு, என் மேக் பகுதி. இதுல யாருதுன்னு எதைச் சொல்லுவிய? யாருதும் இல்லேல்லா?"

"எல்லாரும் சேந்து செஞ்சா அது அநாதையா வே?" என்றார் அண்ணாச்சி. கத்தவில்லை. லென்ஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நண்பன் சாவியை எடுத்தான். வாசலில் ஸ்கூட்டரை உதைத்தான். புறப்படும் முன் திரும்பி, "வாரியாலே? வண்டி பாளையங்கோட்டைக்குத்தான் போவுது" என்றான். நக்கலாகக் கேட்டானா, பழக்கத்தில் கேட்டானா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் நான் பாதி எழுந்துவிட்டேன். பழக்கம்தான். அக்கா என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

அவன் திருடியதை நான் எப்போதோ செரித்துவிட்டேன். பாலத்தின் மேல் 'ஒங்கூடத்தான் நிப்பேன்' என்று சொன்னானே, அதுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. அந்தச் சர்பத்தும்.

என் பேரில் இருந்த கறை அன்றைக்குத் துடைக்கப்பட்டது. அண்ணாச்சி உள்ளே போய்க் குறை நோட்டை எடுத்து வந்து ஆணியில் மாட்டினார். மன்னிப்பெல்லாம் அவருக்குக் கேட்கத் தெரியாது. "சணல் நைஞ்சுபோச்சுன்னு கழத்தி வச்சேன்" என்று பொய் சொன்னார். சணல் புத்தம் புதிதாக இருந்தது.

இதோடு எல்லாம் பழையபடி ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சில மாதத்தில் எழுத்துருக்காரர்கள் புதுப் பதிப்பு விட்டார்கள். எண்கள் மாறின. புது அட்டவணை கேட்டேன். "தாரேன், தாரேன்" என்றார்கள். என்னைத் திருடன் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் கொடுத்தது ஒரு தடவை கம்பெனிப் பெட்டியில் ஏறிப் போய்விட்டது. மறுபடி கொடுக்கக் கை வரவில்லை. அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. நானே மூலநிரலைத் துணி பீரோவில் பூட்டி வைத்துவிட்டுத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிறுகளில் ஆள் குறைந்தது. நோட்டில் குண்டு எழுத்துகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. அக்கா நிறுத்தவில்லை.

பிறகு ஒரு நாள் அண்ணாச்சியிடமிருந்து போன். "தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போம்." போனேன். மேசை மேல் அந்தக் கம்பெனிப் பெட்டி. பெரிய வேலையெல்லாம் மேக் உள்ள அச்சகத்துக்குத்தான் போகிறது, வேறு வழியில்லை என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். லாக் சரியாக உட்கார மாட்டேன் என்கிறதாம். அவர் கடையில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் கைவிட்டுப் பழகியவன் நான் ஒருவன்தான்.

மேசைக்குக் கீழே குனிந்து படுத்து, என் நிரலுக்குப் போட்ட பூட்டை என் கையாலேயே செருகினேன். தும்மல் வந்தது. அண்ணாச்சி கோப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தார். எல்லாம் மாறின. மேக் கோப்புகளும் மாறின. கொம்பு ஒன்று கூட முன்ன பின்ன போகவில்லை. நன்றாகவே எழுதியிருந்தான், பாவி.

பத்தாவது கோப்புக்குத் திரை நிறைந்தது. 'முடிஞ்சிட்டு வே! டீ சொல்லும்.'

கம்பெனிக்காரர்களுக்கும் அந்த டீ எங்கே இருக்கிறது என்று கடைசிவரை பிடிபடவில்லை போலிருக்கிறது.

அண்ணாச்சி வாசலுக்குப் போய் எதிர்க்கடையைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். டீ வந்தது. மூன்று டம்ளர். ஞாயிறுகளில் அண்ணாச்சி, நான், அவன் மூவரும்தான் சீக்கிரம் வந்துவிடுவோம். மற்றவர்கள் வருவதற்குள் ஒரு சுற்று ஆகிவிடும். கை தானாக மூன்று காட்டியிருக்கிறது.

மூன்றாவது டம்ளரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆடை படிந்தது.

அதையும் நானே எடுத்துக் குடித்தேன். களவு போனதில் எனக்குத் திரும்பிக் கிடைத்தது அது ஒன்றுதான்.